மருந்தே தொடாத கோழி

மதினி,

புரட்டாசி பிறந்துவிட்டது. மழைக்கு முன்னால் தீவன அறையை ஒழித்துக் கழுவிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கினேன். அரவை மெஷினை உங்கள் தம்பியும் நானும் சேர்ந்து சுவரைவிட்டு நகர்த்தினோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பிய பிறகு, குனிந்து பெருக்கும்போது, சுவருக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து விளக்குமாறு எதையோ இழுத்து வந்தது. வெள்ளி நிறத்தில் ஒரு மருந்து உறை. மேல் ஓரம் பல்லால் கடித்துக் கிழித்தது. உள்ளே கொஞ்சம் மஞ்சள் நிறப் பொடி ஈரத்தில் கெட்டிப்பட்டு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் முகர்ந்தேன். அந்தக் கசப்பு தொண்டைவரை இறங்கியது.

அதை அங்கே செருகி வைத்தது நான்தான். நீங்கள் இருந்தவரை அதை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கேட்க நீங்கள் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மதுரையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, சர்க்கரை வியாதி காலுக்கு இறங்கிய பிறகு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நீங்கள் நெற்குப்பைக்கு வந்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீடுதான் உங்களுக்கும் வீடு. உள்ளபடி சொன்னால் எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. ஒரே அடுப்படியில் நாத்தனாரோடு காலம் தள்ள வேண்டுமே என்று. ஆனால் நீங்கள் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த மூன்றாம் நாள் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டீர்கள்.

நான் பின்னாலேயே ஓடி வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓர் உறையைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"சுமதி, இது என்னது?"

"வைட்டமின் மாதிரி மதினி. குஞ்சு எறக்குன நாள்லேர்ந்து தண்ணியில கலக்குறதுதான். குஞ்சு குடுக்குறவரே குடுத்துட்டுப் போவாரு."

"சீக்குக் கோழிக்கா?"

"இல்ல, சீக்கு வராம இருக்க."

நீங்கள் பக்கத்தில் கிடந்த தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தச் சின்ன எழுத்துகளை இன்னொரு தடவை படித்தீர்கள். "இந்த சாதி மருந்த நாங்க வார்டுல பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டோம். மத்த மருந்துக்கெல்லாம் கேக்காமப் போனவங்களுக்குக் கடைசியா ஏத்துறது. நீங்க ரெண்டு பேரும் அதக் கோழிக்குப் பச்சத்தண்ணியாட்டம் ஊத்துறீக."

"கோழிக்குத்தான மதினி," என்றேன். எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை நன்றாகப் பிறந்தது. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு மருந்தாக மாற்றி மாற்றி ஏற்றினார்கள்; ஒன்றுக்கும் கேட்கவில்லை. மருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப் பட்டுக் கிருமிக்குப் பழகிவிடுகிறது, பிறகு மனிதர்களுக்கு வரும்போது அதே மருந்து வேலை செய்யாது என்று விளக்கினீர்கள். "அவ அம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வராந்தாவுலயே நின்னாக சுமதி. நான் அவுக பக்கம் போகாம வேற வழியாச் சுத்திச் சுத்திப் போனேன்." அவ்வளவுதான் சொன்னீர்கள். எழுந்து கையைக் கழுவினீர்கள்.

உங்கள் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, ஊரே குடுக்குது. நான் மட்டும் நிப்பாட்டுனா எங் கோழி மட்டுந்தான் சாகும்," என்றார். நீங்களும் விடவில்லை. இரண்டு கொட்டகையில் ஒன்றைக் கேட்டீர்கள். "மேற்கால இருக்குறத எங்கிட்ட விட்டுரு. செத்தா என்னையக் கேளு." அக்காவிடம் அவர் அதிகம் பேச மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் மேற்குக் கொட்டகை உங்களுடையது ஆனது.

நீங்கள் செய்த பொடி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், வேப்பிலை, கீழாநெல்லி. இலைகளை நிழலில் உலர்த்தி, அரவை மெஷினில் கொடுத்துத் தீவனத்தோடு கலப்போம். பூண்டும் வெங்காயமும் அன்றன்றைக்கு அரைத்துச் சேர்ப்பது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரில் மோர். கொட்டகை வாசலில் சுண்ணாம்புத் தட்டு வைத்தீர்கள். அதில் செருப்புக் காலை வைக்காமல் உங்கள் தம்பியைக்கூட உள்ளே விட மாட்டீர்கள். தரையில் பரப்பிய உமியைத் தினமும் கையில் அள்ளிப் பிழிந்து பார்ப்பீர்கள். ஈரம் தெரிந்தால் அந்த இடத்து உமியை அப்போதே அள்ளி வெளியே கொட்டுவீர்கள். முன்பு நாங்கள் அடைத்ததில் பாதிக் குஞ்சுதான் விட்டீர்கள். "வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பேரப் படுக்க வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்," என்பீர்கள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு நாள் வந்து பார்த்தார். சின்ன வயது, உங்களை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்லா செய்றீங்கம்மா. பூண்டு, மஞ்சள், மோர் எல்லாம் வயித்துக்கு நல்லது, தெம்பு குடுக்கும், நோய் வர்றதக் குறைக்கும். ஆனா நோய் உள்ள வந்துட்டா இத மட்டும் நம்பி இருக்காதீங்க. ஒரு போன் போடுங்க. எந்த நோய்னு பாத்து, மருந்து வேணும்னா நானே எழுதித் தர்றேன். தேவைக்குக் குடுக்குறது தப்பில்ல, தேவையில்லாம தினமும் குடுக்குறதுதான் தப்பு," என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் தலையாட்டினேன்.

முதல் பேட்ச் சரியாக வரவில்லை. கிழக்குக் கொட்டகையைவிட நிறைய செத்தன, வளர்த்தியும் மந்தம். உங்கள் தம்பி சாப்பிடும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டாம் பேட்ச் தேறியது. கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரியாது. கோழிகள் காலும் கொண்டையும் நிறமேறி நின்றன. காரைக்குடியில் நாம் கோழி கொடுக்கிற மெஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, வாசல் போர்டில் சுண்ணக்கட்டியால் எழுதிப் போட்டார்: 'மருந்தே தொடாத கோழி'. உங்கள் தம்பி அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து உங்களிடம் காட்டினார். நீங்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் காட்டினீர்கள். பிறகு மறுபடி நீங்களே பார்த்தீர்கள்.

மூன்றாம் பேட்ச் போன வருடம் ஐப்பசியில். உங்களோடு வேலை பார்த்தவர் மகளுக்கு மதுரையில் கல்யாணம். மூன்று நாள் போய்விட்டு வருகிறேன் என்றீர்கள். கொட்டகையை என்னிடம் ஒப்படைத்தீர்கள். "மழ வர்ற மாதிரி இருந்தா மேக்குப் பக்கத் தார்ப்பாய எறக்கி விட்டுரு சுமதி. மத்ததெல்லாம் தன்னால ஓடும்." அது ஒன்றுதான் நீங்கள் சொன்னது.

அதைத்தான் நான் மறந்தேன். நீங்கள் கிளம்பிய அன்று மத்தியானம் என் தம்பி மனைவி போன் செய்தாள். பேசிக்கொண்டே படுத்தவள் தூங்கிப்போனேன். எழுந்தபோது மழை அடித்து ஓய்ந்திருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கம் பாதிக் கொட்டகை உமி சேறாகிக் கிடந்தது. கோழிகள் நனைந்து ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அள்ள முடிந்ததை அள்ளினேன். புது உமி போதவில்லை. மறுநாள் காலையில் வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கொறகொறவென்று, மூச்சுக்குள்ளே கூழாங்கல் உருளுவது போல. வாயைத் திறந்து திறந்து மூடின. பதினோரு கோழி செத்துக் கிடந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நம்பர் போனில் இருந்தது. பெயரை எடுத்துவிட்டு அழுத்தாமல் வைத்தேன். ஆனால் அவர் வந்தால் நனைந்த உமியைப் பார்ப்பார், உங்களிடம் சொல்வார். தார்ப்பாய் இறக்காமல் தூங்கினவள் என்று நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நீங்கள் ஏசியிருக்க மாட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய், நம்மை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். என்ன கோழி, என்ன நோய், யார் எழுதியது, எதையும் கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்கள்.

அளவு தெரியாது. கைக்கு வந்தபடி தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். அன்றைக்கும் மறுநாளும் கொடுத்தேன். சத்தம் குறைந்தது, தீனி எடுக்க ஆரம்பித்தன. நீங்கள் வருகிற பஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் மருந்துத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, தண்ணீர் டப்பாக்களைக் கழுவி, மோர் ஊற்றி வைத்தேன். இத்தனை நாள் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு இத்தனை நாள் கோழியை விற்கக் கூடாது என்றெல்லாம் முறை இருக்கிறது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மிச்சத்தோடு உறையை மெஷினுக்குப் பின்னால் செருகினேன்.

நீங்கள் பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குத்தான் போனீர்கள். நான் உமி நனைந்ததைச் சொன்னேன். காற்றில் தார்ப்பாய்க் கயிறு அறுந்துவிட்டது என்றேன். சளி பிடித்தது, பதினொன்று செத்தது என்றேன்.

"அப்புறம்?"

"பொடியக் கூட்டிப் போட்டேன் மதினி. பூண்டு நெறைய. இப்பப் பரவாயில்ல."

நீங்கள் கோழிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். கால் வலியோடு அப்படி உட்காரவே கூடாது உங்களுக்கு. ஒன்றைத் தூக்கி மார்போடு காதை வைத்துக் கேட்டீர்கள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பொடிக்குக் கேட்டுருச்சு சுமதி."

நான் ஆமாம் என்றேன்.

நோட்டை எடுத்து, எத்தனை பூண்டு, எத்தனை மிளகு, எத்தனை வேளை என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்கள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து எழுதினீர்கள், வார்டில் ஊசி நேரம் எழுதுகிற அதே குண்டு எழுத்தில். அடுத்த வாரம் மெஸ்காரர் வண்டி வந்தது. ஒரு சேவலைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "சளி புடிச்சும் மருந்து தொடாமத் தேறுன கோழி இது," என்றீர்கள். அவர் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது வண்டி திருப்பம் தாண்டிவிட்டது.

அதன்பிறகு சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போனது. மெஸ்காரர் நாலு பேரிடம் சொன்னார். பொன்னமராவதியிலிருந்து வந்தார்கள், திருப்பத்தூரிலிருந்து வந்தார்கள். நீங்கள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். விவசாயிகள் கூட்டம் ஒன்றில் உங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றீர்கள். "நான் டாக்டர் இல்ல. கண்ணால பாத்ததச் சொல்றேன்," என்று ஆரம்பித்தீர்கள். மதினி, நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் எழுதிக்கொண்டு போனவர்தான் அரியக்குடி சேகர். துபாயிலிருந்து திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டவர். மார்கழியில் அவர் கோழிக்கு அதே சளி வந்தது. உங்கள் நோட்டில் இருந்தபடியே செய்தார். நாலாம் நாள் உங்களுக்குப் போன் செய்தார். இன்னும் ரெண்டு நாள் பாருங்கள், எங்களுக்குத் தேறியது என்றீர்கள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள் மதினி என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். "ஏன்டி, நமக்குக் கேக்கலையா?" என்றீர்கள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் அவர் கொட்டகை காலியாகிவிட்டது.

நீங்கள் தனியாக அரியக்குடிக்குப் போனீர்கள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றீர்கள். சாயங்காலம் திரும்பி வந்து, கால் கழுவிவிட்டு உட்கார்ந்தீர்கள். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"எம் பொடிக்கு அங்குட்டு ஏன் கேக்கல சுமதி?"

அந்த மாதம் முழுக்க அதே கேள்வியோடு இருந்தீர்கள். மிளகின் அளவை மாற்றினீர்கள். கீழாநெல்லியைப் பூப்பதற்கு முன்னால் பறித்துப் பார்த்தீர்கள். அவர்கள் ஊர்த் தண்ணீர் உப்போ என்று யோசித்தீர்கள். நோட்டில் ஐப்பசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ அன்னைக்கு வேற ஏதாச்சும் சேத்தியா? நல்லா ரோசிச்சுப் பாரு," என்று என்னைக் கேட்டீர்கள். எத்தனை நாள் கேட்டீர்கள். ஒவ்வொரு நாளும் நான் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு துருப்பிடித்த தகரம் உங்கள் பாதத்தைக் கிழித்தது. கொட்டகையைப் பெருக்கும்போதுதான். நீங்களே மருந்து வைத்துக் கட்டினீர்கள். சர்க்கரைக் கால். ஒரு வாரத்தில் வீங்கி, காய்ச்சல் வந்து, குளிர் தூக்கிப் போட்டது. மதுரைக்குக் கொண்டு போனோம். நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு. சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்து உங்கள் தம்பியை வெளியே கூப்பிட்டார். நீங்கள் படுத்தபடியே கையை நீட்டினீர்கள். "எங்கிட்டக் குடுங்க சார். எனக்குப் படிக்கத் தெரியும்."

கண்ணாடியை நான்தான் மாட்டிவிட்டேன். அந்தத் தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் இங்கிலீஷ் எழுத்து. ஆர் என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். நீங்கள் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினீர்கள். ஆர். ஆர். ஆர். வாய்க்குள்ளேயே படித்தீர்கள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. தாளை மடித்து டாக்டரிடம் கொடுத்தீர்கள். "சிரமப்படாதீக சார்," என்றீர்கள், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அவர் விடாமல்தான் பார்த்தார். இரண்டு மருந்தைச் சேர்த்து ஏற்றினார்கள். காலின் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஐந்து நாள்தான் இருந்தீர்கள். ஒரு காலையில் உங்களுக்கு நினைவு தெளிவாக இருந்தபோது நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மதினி, ஒன்னு சொல்லணும்," என்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. "கோழிக்கு மோர் வச்சாச்சா?" என்று கேட்டீர்கள். வைத்தாச்சு என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லி உங்களை அப்படிப் போகவிடவும் மனம் வரவில்லை. எது சரியென்று இப்போதும் தெரியவில்லை எனக்கு.

எல்லாம் முடிந்த பிறகு அந்த டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். எங்கள் கோழியிலிருந்து வந்திருக்குமா என்று. அவர் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். "வந்திருக்கலாம்மா. அவங்க இத்தன வருசம் வேல பாத்த வார்டுலேர்ந்தும் வந்திருக்கலாம். மண்ணுலேர்ந்து, தண்ணியிலேர்ந்து, எங்க வேணா. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது." நான் செய்ததுதான் என்று அவர் சொல்லியிருந்தால் விழுந்து அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

உங்கள் கொட்டகையை நான்தான் பார்க்கிறேன். பொடி அரைக்கிறேன், மோர் வைக்கிறேன், சுண்ணாம்புத் தட்டை மாற்றுகிறேன். ஆவணியில் சளி வந்தபோது இந்தத் தடவை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். செத்த கோழியைச் சோதனைக்கு எடுத்துப்போனார். இரண்டு நாளில் போன் செய்து, வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளில் பாதிக்கு மேல் கேட்காது என்று ரிப்போர்ட் வந்திருப்பதாகச் சொன்னார். மிச்சமிருந்ததில் ஒன்றை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் பிழைத்தது, நிறைய செத்தது. அப்போதுதான் அவரிடம் போன வருடத்தைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "அன்னிக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனேக்கா. அந்தம்மாவும் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க," என்றார். அதைக் கேட்டபோதுதான் நான் எதற்காக மறைத்தேன் என்பதே எனக்குப் புரியாமல் போயிற்று.

ஆட்கள் இன்னும் வருகிறார்கள் மதினி. உங்கள் நோட்டைக் கேட்கிறார்கள். பொடி நல்லதுதான், ஆனால் நோய் வந்துவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். "அவுக அப்படிச் சொல்லலையே, சளியே கேட்டுச்சுன்னு மைக்குல சொன்னாகளே," என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்த உறை கிடைத்த பிறகு உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்த உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "போனது போச்சு. ஊருக்கெல்லாம் சொல்லி எங்கக்கா பேரக் கெடுத்துறாத. அந்தப் பொடிதான் அவ விட்டுட்டுப் போனது," என்றார். சொன்னால் உங்கள் பெயர் கெடும். சொல்லாவிட்டால் இன்னொரு கொட்டகை காலியாகும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள் கிடந்தேன்.

வியாழக்கிழமை அவரிடம் சொல்லாமல் காரைக்குடிக்குப் போய், டவுன் பஸ் பிடித்து அரியக்குடியில் இறங்கினேன். கோயில் தாண்டி விசாரித்துக்கொண்டு போனேன். சேகர் வீட்டில் இல்லை. வேறு வேலைக்குப் போகிறாராம். அவர் மனைவி தனலெட்சுமி இருந்தாள். பின்னால் கொட்டகையில் இப்போது விறகும் பழைய சைக்கிளும் கிடக்கின்றன. நான் யாரென்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நின்றபடியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். உட்கார்ந்துதான் சொல்ல முடிந்தது. தார்ப்பாய், தூக்கம், மருந்துக் கடை, நோட்டில் எழுதச் சொன்ன பொய், எல்லாம். அவள் முந்தானையின் நூலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். "மார்கழியில அவுக வந்தாக. இவரு வாசல்லயே வச்சு ஏசுனாரு. கேக்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டாக. எதுத்து ஒன்னும் பேசல. செத்த கோழியக் குழியில போட நாங்க ரெண்டு பேருதான் நின்னோம். அவுகளும் அந்தக் காலோட எறங்கி நின்னு, சுண்ணாம்பு தூவி, மண்ணு தள்ளுனாக. கெளம்பும்போது எங் கையப் புடிச்சுக்கிட்டு, 'சரியாப் பாக்காம மைக்குல பேசிட்டேன் தாயி. எம் மேலதான் தப்பு. என்னைய மன்னிச்சிரு'ன்னாக."

"அது நான் கேக்க வேண்டியது," என்றேன்.

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அவுகள அன்னைக்கே மன்னிச்சாச்சு," என்றாள். "நீங்க இப்ப வந்து உக்காந்திருக்கீக. உங்கள என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல."

காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். உங்கள் தம்பி கோபப்படுவார். படட்டும். 'கண்ணால பாத்ததச் சொல்றேன்' என்று ஆரம்பித்தவர் நீங்கள். உங்கள் பெயரில் ஒரு பொய் ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் பொறுக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதையும் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நிறுத்தத்தில்தானே நீங்களும் அன்றைக்கு நின்றிருப்பீர்கள், காலில் சுண்ணாம்போடு, எங்கே தவறு செய்தோம் என்று தெரியாமல். வீட்டில் நான் இருந்தேன், பதிலோடு. நான் செய்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் மதினி. அந்தக் கடனைத்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் திருப்பித் தர எனக்கு இடமில்லை.

சுமதி